நெடுந்தீவின் நிறங்களும் எட்டுப் பென்சில்களும்

ஓர் ஊரைக் கண்ணாற் கண்டு திரும்புவோர் பலர். கைவழியே கண்டு திரும்புவோர் சிலர். கைத்தொலைபேசி வடிவிலே ஒளிப்படக் கருவி எல்லோர் சட்டைப்பையிலும் குடிகொண்டுவிட்ட இந்நாளில், வெயிலில் அமர்ந்து வர்ணந் தீட்டுவதை வீண்வேலையென்று கருதுவோரும் உளர். ஆயினும், ஒரு கல்மதிலை ஒரு மணி நேரம் உற்றுநோக்கி வரைந்த ஒருவர் அம்மதிலைத் தம் வாழ்நாளில் மறப்பதில்லை. நிழல் எப்பக்கம் விழுந்தது, எவ்விடத்திற் கல் சரிந்திருந்தது, எங்கே ஒரு புல் முளைத்திருந்தது என்பனவெல்லாம் அவர் நெஞ்சிலே பதிந்துவிடும்.

இவ்வெண்ணத்துடனேயே நாம் ஒரு மாசி மாதப் பிற்பகுதியில் நெடுந்தீவை நோக்கிப் புறப்பட்டோம். வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் தொடங்காத காலம் அது. எமது தோட்பையிலே ஆறு குவாஷ் வர்ணக் குழாய்கள், இரண்டு தூரிகைகள், தடித்த சித்திரக் கடதாசி, இரண்டு போத்தல் நன்னீர் ஆகியவற்றுடன் 24 நிறப்பென்சில்கள் கொண்ட பெட்டியொன்றும் இருந்தது. இரண்டு நாள் வரைந்து திரும்பியபோது அப்பெட்டியிலே எட்டுப் பென்சில்களே கூர் தேய்ந்து குறுகியிருந்தன. ஏனைய 16 பென்சில்களும் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருந்தன. அந்த எட்டும் எவை, அவை எவ்வாறு தெரிவாயின என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகின்றோம். சித்திரம் பயிலும் மாணவருக்கும், பிள்ளைகளுக்காகப் பென்சிற்பெட்டி வாங்கக் கடைக்குச் செல்லும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

வர்ணமும் பென்சிலும்

குவாஷ் என்பது ஒளி ஊடுருவாத நீர்வர்ணம். பாடசாலைகளிலே பிள்ளைகள் பயன்படுத்தும் போஸ்டர் வர்ணத்துக்கு அது நெருங்கிய உறவு எனலாம். நிறப்பொடியும், வேல இனத்து மரங்களிலிருந்து பெறப்படும் பிசினும் அதன் முதன்மையான உறுப்புகள். சாதாரண நீர்வர்ணத்திலே கடதாசியின் வெண்மையே படத்துக்கு ஒளியைத் தருகின்றது. குவாஷிலோ வெள்ளை வர்ணத்தைக் கலந்தே ஒளியை உண்டாக்குகின்றோம். ஆதலால் இருண்ட நிறத்தின் மேலே வெளிறிய நிறத்தைத் தீட்டுதல் அதிலே இயலும். காய்ந்தபின் மினுக்கம் இன்றிச் சுண்ணாம்பு பூசிய சுவர் போல அமைதியாய் நிற்பது அதன் தனியழகு.

இத்தகைய வர்ணத்துக்கும் குறைகள் உண்டு. ஈரத்திலே தோன்றும் நிறம் வேறு. காய்ந்தபின் தோன்றும் நிறம் வேறு. வெளிறிய கலவைகள் காயும்போது சற்றுக் கருமையடையும். இருண்ட கலவைகள் சற்று வெளிறும். காய்ந்த பூச்சின் மேல் மீண்டும் ஈரத் தூரிகை பட்டால் அடியிலுள்ள வர்ணம் கரைந்து எழும்பும். கடற்காற்று வீசும் வெளியிலோ தூரிகையின் நுனியிலுள்ள வர்ணம் கடதாசியைச் சேருமுன்னரே இறுகத் தொடங்கும். பெரிய பரப்புகளை விரைவாக நிரப்புவதற்குக் குவாஷை விடச் சிறந்தது வேறில்லை. நுண்ணிய கோடுகளை வெளியிலே அமர்ந்து எழுதுவதற்கு அது அத்துணை இசைந்து கொடுப்பதில்லை. இவ்விடத்திலேதான் நிறப்பென்சில் துணைக்கு வருகின்றது. காய்ந்த குவாஷின் பரப்பு மிக மெல்லிய சொரசொரப்பு உடையது. பென்சிலின் கூரை அது நன்கு பற்றிக்கொள்ளும்.

நிறப்பென்சிலின் உள்ளே இருப்பது காரீயம் அன்று. நிறப்பொடியையும் வெண்களி போன்ற பொருள்களையும் மெழுகினாலோ எண்ணெய் கலந்த மெழுகினாலோ பிணைத்து அதனைச் செய்கின்றார்கள். மெழுகு மிகுந்தவை மென்மையானவை. தடித்த நிறத்தைத் தருவன. ஆனால் விரைவிற் கூர் மழுங்குவன. எண்ணெய் சார்ந்தவை சற்றுக் கடினமானவை. கூரை நெடுநேரம் காப்பன. ஜேர்மனியிலே ஃபேபர் காஸ்டல் நிறுவனத்தார் 1908ஆம் ஆண்டு முதல் செய்துவரும் பொலிக்குரோமோஸ் என்பது இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது வகை நீரிற் கரையும் பென்சில். சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரிலுள்ள கரன் டாஷ் நிறுவனம் 1931ஆம் ஆண்டிலே பிரிஸ்மலோ என்ற பெயரில் இவ்வகையை வெளியிட்டது. நீரிற் கரையும் பென்சில் பயணத்துக்கு மிக உகந்ததேயாயினும், குவாஷின் மேலே அதனால் எழுதி நீர் தொட்டால் கோடு கரைவதோடு அடியிலுள்ள வர்ணமும் சேர்ந்து குழம்பும். ஆகவே குவாஷின் மேல் எழுதுவதற்கு நீரிற் கரையாத பென்சிலே ஏற்றது. வர்ணம் முந்தியும் பென்சில் பிந்தியும் வரவேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மெழுகு தடிப்பாகப் படிந்த இடத்தில் நீர்வர்ணம் ஒட்டாது வழுக்கிச் செல்லும்.

கடலின் மேல்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் பேருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, மீண்டும் ஒரு நெடிய தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் எம்மை இறக்கிவிட்டது. அங்கிருந்து நயினாதீவுக்குச் செல்வோர் ஒரு படகிலும் நெடுந்தீவுக்குச் செல்வோர் வேறொரு படகிலும் ஏறுகின்றனர். அரிசி மூடைகள், மரக்கறிக் கூடைகள், சீருடையணிந்த ஆசிரியர் சிலர், ஒரு சைக்கிள் ஆகியவற்றோடு நாமும் அமர்ந்தோம். கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஆடும் படகிலே வர்ணத் தட்டை விரித்தல் அறிவுடைமை ஆகாது. ஆதலால் கடலைப் பார்த்து, அதன் நிறங்களைச் சொற்களாகக் குறித்துக்கொண்டோம். கரையோரம் ஆழங்குறைந்த இடத்திலே வெண்மணல் அடியிலிருந்து ஒளிர்வதால் நீர் வெளிறிய பச்சையாய்த் தோன்றுகின்றது, பாசி படர்ந்த இடம் கபிலம், ஆழ்கடல் கருநீலம். மாவிலித்துறையில் இறங்கியதும் ஒரு மரநிழலில் அமர்ந்து இம்மூன்றையும் குவாஷிலே பட்டைகளாகத் தீட்டினோம். காய்ந்தபின் பெட்டியிலுள்ள நீலப் பென்சில்கள் ஐந்தையும் அவற்றின்மேல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம்.

தெரிவின் இரகசியம் அப்போது வெளிப்பட்டது. கருநீலத்தின் மேல் கருநீலப் பென்சில் மறைந்தே போயிற்று. வெள்ளைப் பென்சில் அதன்மேல் மூடுபனி போலச் சாம்பல் பூத்தது. ஏனெனில் நிறப்பென்சிற் கோடு அடிநிறத்தை முழுதும் மறைப்பதில்லை. வெளிறிய நீலப்பச்சைப் பென்சில் மட்டுமே அலையின் முதுகிலே விழும் ஒளியைப் போல உயிர்பெற்று நின்றது. அடிநிறத்துக்கு ஒரு படி வெளிறியதோ ஒரு படி இருண்டதோ ஆன பென்சிலே அதற்கு உற்ற துணை. ஒரே படியில் உள்ளது மறையும். பல படிகள் விலகியது கூச்சலிடும். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் இந்தப் படி வேறுபாடு எவருக்கும் புலப்படும். எமது முதலாவது பென்சில் இவ்வாறே தெரிவாயிற்று: வெளிறிய நீலப்பச்சை.

முருகைக்கல் மதில்கள்

யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658ஆம் ஆண்டிலே கைப்பற்றிய ஒல்லாந்தர், அயலிலுள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். ஏனைய பெயர்கள் வழக்கொழிந்தன; நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கிலே இன்றும் நிலைத்திருக்கின்றது. ஆயினும் இத்தீவின் உண்மையான முகவரி அதன் கல்மதில்களே என்பது எமது துணிபு. வீட்டு வளவு, தோட்டம், ஒழுங்கை என எங்கு நோக்கினும் முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள். அவற்றிலே சாந்து இல்லை. கல்லின் பாரமும் அடுக்கியவரின் கைத்திறனுமே அவற்றைத் தாங்கி நிற்கின்றன. சில கற்களிலே பூவிதழ் போன்ற துளைகளும், சிலவற்றிலே மூளையின் மடிப்புப் போன்ற வரிகளும் தெளிவாய்த் தெரிகின்றன. ஒருகாலத்திற் கடலடியிலே உயிர்வாழ்ந்தவை அல்லவா அவை!

ஓர் ஒழுங்கையின் ஓரத்திலே அமர்ந்து, வெள்ளை, நீலம், காவி ஆகியவற்றைக் கலந்து பெற்ற நரை நிறத்தால் மதில் முழுவதையும் முதற் பூச்சாக நிரப்பினோம். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பியவை, மதில் முழுக்க ஒரு நிறமாக் கிடக்கு?"

"இது முதற் பூச்சு ஐயா. இனித்தான் கல்லுகளைக் கீறப் போறம்."

"அப்ப இஞ்சை பாத்துக் கீறுங்கோ. கறுத்துக் கிடக்கிறது அந்தக் காலத்துக் கல்லு. வெள்ளையாத் தெரியிறது விழுந்து உடைஞ்சதைத் திருப்பி வைச்சது. எங்கட அப்பு வைச்சது எது, நான் வைச்சது எது எண்டு நிறத்தைப் பாத்தே சொல்லுவன்."

இவ்வாறு கூறியவர் சற்று நின்று, "இப்ப விழுந்தா எடுத்து வைக்கத்தான் ஆக்கள் குறைவு தம்பி," என்று சொல்லிச் சென்றார்.

அவர் சொற்கள் எமது பென்சிற்பெட்டிக்கு ஒரு வழிகாட்டியாயின. கல்லின் நிறம் வெறும் நிறமன்று. அது கல்லின் வயது. காற்றும் மழையும் உப்பும் பட்டுப் பல்லாண்டு நின்ற கல் கருநரை. அண்மையில் உடைந்த முகம் பாலேட்டு நிறம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பொந்து ஆழ்ந்த இருள். நரைப் பூச்சின் மேல் பாலேட்டு நிறப் பென்சிலால் உடைந்த முகங்களையும், கபிலங்கலந்த நரைப் பென்சிலால் பழங்கற்களின் மேனியையும், கருங்கபிலப் பென்சிலால் பொந்துகளையும் எழுதினோம். கறுப்புப் பென்சிலைத் தொடவில்லை. வெயிலிற் கிடக்கும் கல்லின் பொந்திலே முழுக் கறுப்பு இருப்பதில்லை. பென்சிலை நிமிர்த்திப் பிடியாது படுக்கவைத்து மெல்ல இழுத்தபோது, கடதாசியின் மேடுகளிலே நிறம் பற்றிப் பள்ளங்களில் விடுபட்டு, முருகைக்கல்லின் துளைகள் தாமே தோன்றின. பதினாயிரம் புள்ளிகளைத் தூரிகையால் வைப்பதிலும் இது எளிது, உண்மைக்கும் அண்மையது. இவ்வாறு மதில் எமக்கு மூன்று பென்சில்களைத் தந்தது.

பெருக்குமரமும் குதிரைகளும்

தீவின் உள்ளே தனியொரு காவலன் போலப் பெருக்குமரம் நிற்கின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அடிமரத்தினுள்ளே ஆள் நுழைந்து நிற்கத்தக்க பொந்து உண்டு. தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு அதன் பட்டை வெறும் சாம்பல் நிறம். அருகிற் சென்று நிழற்பக்கத்தைப் பார்த்தால் அந்தச் சாம்பலிலே ஊதா நிறம் ஒளிந்திருப்பது தெரியும். குவாஷிலே ஊதாவை நேரே கலந்தால் மரம் கண்காட்சிப் பொம்மை போலாகிவிடும். நரைப் பூச்சின் மேல் மங்கிய ஊதாப் பென்சிலை மெல்லப் படரவிட்டால், அருகிற் பார்ப்போர்க்கு ஊதாவாகவும் விலகிப் பார்ப்போர்க்கு நிழலாகவும் அது அமையும். ஐந்தாவது பென்சில் இதுவே. அன்று பிற்பகல் ஒல்லாந்தர் கோட்டை என மக்கள் சுட்டும் இடிந்த கட்டடத்தின் நிழல்களுக்கும், புறாக்கூட்டுக் கோபுரத்தின் துளைகளுக்கும் இதே பென்சிலே கைகொடுத்தது.

தீவின் தென்பகுதியிலே புல்வெளி பரந்து கிடக்கின்றது. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலே இங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டற்று அங்கு திரிகின்றன. அவற்றின் புகலிடத்தை உள்ளடக்கிய பகுதி 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. உருவிற் சிறியனவாயினும் அவற்றின் நடையிலே ஒரு பெருமிதம் உண்டு. குதிரைகள் நமக்காக நின்று கொடுப்பதில்லை. வர்ணங் கலக்கும் நேரத்துக்குள் அவை வேறு திசை நோக்கிச் சென்றுவிடும். ஆகவே இங்கே மட்டும் முறையை மாற்றி, செங்காவிப் பென்சிலைக் கூராகச் சீவி, மெல்லிய கோட்டினால் முதுகின் வளைவையும் கழுத்தின் சாய்வையும் முதலில் எழுதிக்கொண்டோம். அழுத்தாமல் எழுதிய மெல்லிய கோட்டின் மேல் குவாஷ் தடையின்றிப் படியும். பின்னர் உடலைக் கபிலத்தால் நிரப்பி, அதே செங்காவியால் வெயில் பட்ட பக்கத்தை மீண்டும் தொட்டோம்.

புல்லின் நிறத்தைக் கண்ட மாத்திரத்தே மாணவர் கைகள் பச்சைப் பென்சிலை நாடும். மாசி மாதத்து நெடுந்தீவிலோ புல் முதிர்ந்து மஞ்சளித்து நிற்கின்றது. மங்கிய பச்சைப் பூச்சின் மேல் மஞ்சட்காவிப் பென்சிலாற் கீழிருந்து மேலாக விரைந்து எழுதிய சிறு கோடுகளே அதற்குப் போதுமாயின. வெளியின் எல்லையில் நின்ற பனைகளின் ஓலைக்கு ஒலிவ் பச்சை. கடைகளிலே விற்கும் பெட்டிகளில் உள்ள ஒளிமிக்க இலைப்பச்சை, பனையோலைக்கு ஒருபோதும் பொருந்துவதில்லை. செங்காவி, மஞ்சட்காவி, ஒலிவ் பச்சை ஆகிய இம்மூன்றுடன் எட்டும் நிறைந்தன.

இத்தீவிலே நன்னீர் அரிது என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். உவர்நீரிலே கரைத்த வர்ணம் காய்ந்தபின் உப்புப் படிந்து ஈரத்தை இழுக்கும். குடிநீரைத் தூரிகை கழுவக் கேட்பதற்கும் மனம் ஒவ்வாது. பெரிய பரப்புகளை மட்டும் வர்ணத்தால் நிரப்பி, எஞ்சியதைப் பென்சிலால் முடிப்பது, நாம் கொண்டுசென்ற இரண்டு போத்தல் நீரையே இரண்டு நாளுக்குப் போதுமாக்கிற்று.

நிலைத்து நிற்கும் நிறம்

இனி, நிறத்தின் அழகிலும் முதன்மையான ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லா நிறப்பென்சில்களும் வெயிலைத் தாங்குவன அல்ல. இளஞ்சிவப்பு, ஊதா முதலியவற்றுட் சில, சுவரிலே தொங்கும் சில ஆண்டுகளுக்குள் வெளிறி மறைந்துவிடும். நல்ல பென்சில்களைச் செய்வோர், ஒளியைத் தாங்கும் ஆற்றலை உடுக்குறிகளாகப் பென்சிலின் மேலேயே பொறிப்பதுண்டு. அமெரிக்காவின் ஏ.எஸ்.ரி.எம். நிறுவனம் வகுத்த டி 6901 என்னும் நியமம் ஓவியர்க்கான நிறப்பென்சில்களுக்கென்றே அமைந்தது. குறியில்லாத பென்சிலை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கடதாசித் துண்டிலே எல்லாப் பென்சில்களாலும் பட்டைகள் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலிலே மூன்று மாதம் வைத்திருங்கள். அட்டையை எடுத்ததும் எது நிலைத்தது, எது ஓடியது என்பது தெரிந்துவிடும். எமது எட்டுள் ஊதாவே ஐயத்துக்கு இடமானது. ஆதலால் அதனை மட்டும் ஒளிதாங்கும் குறியுள்ளதாகத் தனியே வாங்கியிருந்தோம்.

இது வெறும் சிக்கன உபதேசம் அன்று. சாந்தில்லாத மதிலிலே ஒரு கல் விழுந்தால் அடுத்த கல்லின் பிடி தளரும்; அதைத் தொடர்ந்து மற்றொன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பலர் தீவை விட்டுச் சென்றமையால், விழுந்த கல்லை எடுத்துவைக்கும் கைகள் குறைந்துள்ளன. எந்தக் கல் தந்தை வைத்தது, எந்தக் கல் மகன் வைத்தது என்பதை நிறத்தால் அறியும் கண்களும் முதுமையடைகின்றன. அம்மதிலை உள்ளவாறு எழுதிவைத்த ஒரு சித்திரம், மதில் போனபின்னும் அதன் கதையைச் சொல்லவல்லது. ஆனால் அச்சித்திரத்திலுள்ள பாலேட்டு நிறமும் கருநரையும் பத்தாண்டிலே ஒன்றாய் வெளிறிவிடுமாயின், அந்த வயது வேறுபாட்டைப் பின்வருவோர் எங்ஙனம் காண்பர்? கல்லுக்குச் சாட்சியாய் நிற்கவேண்டிய படம் கல்லுக்கு முன்னரே அழிந்துபோகலாமோ?

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. 72 பென்சில்கள் கொண்ட மலிவான பெட்டியிலும், நல்ல பென்சில்கள் எட்டோ பன்னிரண்டோ பிள்ளைக்கு மேலான கொடை. நிறங்கள் குறைந்தவிடத்துக் கண் கூர்மையடைகின்றது. மாணவர்க்கு ஒரு வார்த்தை. கடையிலே பெட்டியைத் திறந்து நிறங்களிற் சொக்கி நில்லாதீர்கள். முதலில் நீங்கள் வரையப்போகும் இடத்துக்குச் சென்று, அங்குள்ள நிறங்களைக் குவாஷிலே சிறு பட்டைகளாகத் தீட்டுங்கள். அவை காய்ந்தபின், அப்பட்டைகளைக் கையோடு கொண்டுசென்று, அவற்றின் மேல் இழுத்துப் பார்த்துப் பென்சிலைத் தெரியுங்கள். கடைக்காரர் முதலில் வியப்பார். பின்னர் தாமும் குனிந்து பார்ப்பார்.

எமது எட்டும் நெடுந்தீவுக்கு உரியவை. கோப்பாயின் செம்மண் தோட்டத்துக்கும், மட்டக்களப்பு வாவிக்கரைக்கும், மலைநாட்டுத் தேயிலைச் சரிவுக்கும் வேறு எட்டுகள் உள. உங்கள் ஊரின் எட்டு எது? வருகின்ற விடுமுறையிலே வீட்டுப் படலையைத் திறந்து, முதலிற் கண்ணிற்படும் மதிலின் முன் அமர்ந்து, நீங்களே கண்டறியுங்கள்.